மரத்திற் பிறந்த மீன்

வலையும் பறியும் மீனை வளைத்துப் பிடிப்பன. தூண்டிலோ மீனின் விருப்பத்தையே துணையாகக் கொண்டு பிடிப்பது. அத்தூண்டிலிற் புழுவோ சிறுமீனோ கோக்கப்பட்டிருப்பின் பெருமீன் அகப்படுவதில் வியப்பில்லை. அது நாடிவந்த இரை அங்கே உண்மையாகவே இருக்கின்றது. ஆனால், ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அதற்கு வர்ணந்தீட்டி, நீரில் இழுத்து, அதனை உயிருள்ள இரையென்று பெருமீன் நம்பும்படி செய்தல் வேறொரு கலையாகும். வட அமெரிக்காவின் பேரேரிகளை அண்டிய நாட்டிலே இக்கலை தனிச் சிறப்புடன் வளர்ந்தது. மரவேலை, வர்ணவேலை, நீரின் போக்கை அறிதல் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய அதன் வரலாறு, இயந்திர யுகத்திலே ஒரு கைத்தொழில் எவ்வாறு நிலைபெற்றது என்பதையும் எடுத்துக்காட்டுகின்றது.

இக்கலைக்கு உரைகல்லாய் அமைந்த மீனை முதலில் அறிதல் வேண்டும். அதன் பெயர் மஸ்கெலஞ்ச். சுருக்கமாக மஸ்கி என்பர். அப்பகுதியின் ஆதிக்குடிகளுள் ஒருவரான ஒஜிப்வே மக்களின் சொல்லொன்று பிரெஞ்சுக்காரர் நாவிலும் ஆங்கிலேயர் நாவிலும் திரிந்து இப்பெயராயிற்று. சென் லோறன்ஸ் நதி, பேரேரிகள், மிசிசிப்பி நதியின் மேற்பகுதி, ஒகாயோ நதி ஆகியவற்றைச் சார்ந்த நன்னீரில் வாழும் இம்மீன் பைக் என்னும் மீன்குடும்பத்திலே மிகப் பெரியது. நான்கடிக்கு மேல் நீளமும் 50 இறாத்தலுக்கு மேல் நிறையும் அடைவதுண்டு. வாத்தின் அலகுபோல் தட்டையான நீண்ட வாயும், அவ்வாய் நிறைந்த கூரிய பற்களும் உடையது. நீர்ப்பூண்டுகளின் இடையே அசையாது நின்று, இரை அருகில் வந்ததும் அம்புபோற் பாய்வது அதன் இயல்பு.

பெருவேட்டையாடும் உயிர்கள் எங்கும் தொகையிற் குறைந்தே காணப்படும். மஸ்கியும் அவ்வாறே. ஏக்கருக்கு ஒரு முதிர்ந்த மீனேனும் இல்லாத ஏரிகளே மிகுதி. இருக்கும் மீனும் எளிதில் ஏமாறுவதில்லை. இழுக்கப்படும் போலியிரையின் பின்னே தோணியின் ஓரம்வரை தொடர்ந்து வந்து, ஒரு கணம் நின்று நோக்கிவிட்டு, மீண்டும் ஆழத்துள் மறைந்துவிடும். இதனாலேயே இதனை 10,000 வீச்சுகளின் மீன் என்று அந்நாட்டுத் தூண்டிற்காரர் அழைப்பர். வருவதுபோல் வந்து திரும்பிப் போகும் இம்மீனே போலியிரை செய்வோனுக்குக் கடுமையான பரீட்சகனாயிற்று. பார்வைக்கு அழகாயிருந்தும் ஓட்டத்திற் பிழையான போலியிரையை அது மன்னிப்பதில்லை.

மரமீன் செதுக்கும் கலையில் அந்நாட்டின் முன்னோடிகள் ஐரோப்பியக் குடியேறிகள் அல்லர், ஆதிக்குடிகளே. விஸ்கொன்சின் மாநிலத்தின் வடபாகத்தில் லாக் டு பிளம்போ என்னும் ஒஜிப்வே குடியிருப்பு உளது. தீவட்டிகளின் ஏரி என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். இரவிலே தீவட்டி ஏந்தி மீன் குத்திய மக்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் அதற்கு இட்ட பெயர் அது. மாரிகாலத்தில் ஏரி உறைந்தபின் அம்மக்கள் பனிக்கட்டியிலே துளையிடுவர். துளையின்மேல் சிறு கூடாரம் அமைத்து வெளிச்சத்தை மறைப்பர். அவ்விருளிலிருந்து நோக்கினால் கீழேயுள்ள நீர் தெளிவாகத் தெரியும். அந்நீருள் மரத்தாற் செய்த சிறு மீனொன்றைக் கயிற்றிலே தொங்கவிட்டு அசைப்பர். அதனைக் காணவரும் பெருமீன் ஈட்டிக்கு இரையாகும்.

இம்மரமீனுக்குத் தூண்டில் முள் கிடையாது. ஆயினும் பின்வந்த கலையின் இரு கூறுகளும் இதன்கண்ணே அமைந்துள்ளன. மேனியைத் தீயிற் சுட்டோ வர்ணந் தீட்டியோ மீனின் தோற்றம் தருவர். வயிற்றைக் குடைந்து ஈயத்தை உருக்கி வார்ப்பர். வாலைச் சற்றே வளைத்துச் செதுக்குவர். செட்டைகளைத் தகட்டால் அமைத்து வேண்டிய பக்கம் திருப்புவர். ஈயத்தின் அளவும் வாலின் வளைவும் பொருந்தினால், கயிற்றை மேலிழுத்துத் தாழ்த்தும்போது மரமீன் வட்டமிட்டு நீந்தும். பொருந்தாவிடின் தலைகீழாய்க் கவிழும். பிற்காலத்தில் மிச்சிக்கன் மாநிலத்தின் கடிலாக் நகரிலே வாழ்ந்த ஒஸ்கார் பீற்றர்சன் என்பவர் (1887 - 1951) இத்தகைய மரமீன்களை ஆயிரக்கணக்கிற் செதுக்கிச் சிறு விலைக்கு விற்றார். அவர் வாழ்நாளில் மீன்பிடிக் கருவிகளாக மதிக்கப்பட்ட அவை இன்று நாட்டுப்புறக் கலைப்பொருள்களாகப் போற்றப்படுகின்றன.

தூண்டிலிற் பூட்டும் போலியிரைகளுள் அமெரிக்காவில் முதலிற் புகழ்பெற்றது மரத்தாலானதன்று, உலோகத்தாலானது. வேர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ பியூவெல் ஒருநாள் தோணியிலிருந்து உணவருந்துகையில் கரண்டியை நீரில் நழுவவிட்டதாகவும், பளபளத்து விழுந்த கரண்டியை ஒரு மீன் கவ்வியதாகவும் கதை வழங்குகின்றது. 1852ஆம் ஆண்டில் அவர் தமது கரண்டித் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். கரண்டி சுழலும், ஒளிரும். ஆயினும் அதற்கு மீனின் உடலில்லை. அக்குறையை நிறைவுசெய்தது மரம்.

மரத்தாலான போலியிரையை வாணிபப் பொருளாக வளர்த்தோருள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹெடன். மிச்சிக்கன் மாநிலத்து டொவாஜக் என்னும் சிற்றூரில் வாழ்ந்த இவர் அடிப்படையில் தேனீ வளர்ப்பாளர். 1885ஆம் ஆண்டிலேயே புதுவகைத் தேன்கூட்டுப் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். இவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நண்பர் ஒருவரின் வரவை எதிர்பார்த்து ஆலைக் குளக்கரையில் அமர்ந்திருந்தவர் பொழுதுபோக்காக ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். நண்பர் வந்ததும் எழுந்து குச்சியை நீரில் எறிந்தார். விழுந்த குச்சியை பாஸ் என்னும் மீனொன்று பாய்ந்து அடித்தது. கரண்டிக் கதையும் குச்சிக் கதையும் ஒன்றுக்கொன்று உறவினர்போல் ஒத்திருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். கைத்தொழில்கள் தம் பிறப்பைத் தற்செயல் நிகழ்ச்சியாகச் சொல்வதில் விருப்பமுடையன. தற்செயலின் பின்னே நின்ற உழைப்பைப் பதிவேடுகளே கூறும்.

ஹெடன் முதலில் மரத்தவளைகளைச் செதுக்கி நண்பர்களுக்கு வழங்கினார். 1902ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி சரிவான முனையுடைய தமது போலியிரைக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டிலே தொடங்கிய வேலை விரைவில் தொழிற்சாலையாயிற்று. 1911இல் அவர் இறந்தபின் மைந்தர்கள் அதனை நடத்தினர். கண்ணாடிக் கண்கள், பல படையாகப் பூசிய எனாமல், மேலே பளபளக்கும் வார்னிஷ் ஆகியவற்றால் டொவாஜக் மரமீன்கள் பெயர்பெற்றன. வெடித்த மண்பாண்டம்போல் மெல்லிய கோடுகள் ஓடும் ஒருவகை வர்ணப்பூச்சு அவர்களின் அடையாளமாகவே ஆயிற்று.

ஹெடனின் வெற்றி பலரைத் தூண்டியது. மிச்சிக்கன், இந்தியானா, ஒகாயோ மாநிலங்களிற் பல நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுள் இந்தியானாவின் கறெற் என்னும் சிற்றூரில் இயங்கிய கிறீக் சப் கொம்பனி இரண்டு புதுமைகளால் நினைவுகூரத்தக்கது. ஒன்று, மரமீனின் முகத்திலே பூட்டிய வளைந்த உலோக உதடு. இழுக்கும்போது நீர் இவ்வுதட்டில் மோதும். மரமீன் கீழ்நோக்கி மூழ்குவதோடு, இடமும் வலமுமாய் உடலை ஆட்டும். மற்றையது செதில் வர்ணம். மரமீனின்மேல் வலைத்துணியை இறுகப் போர்த்தி, அதன் கண்களினூடே வர்ணத்தைத் தூவுவர். துணியை நீக்கினால் மேனி முழுவதும் செதில் செதிலாகத் தோன்றும். அக்கொம்பனி 1920ஆம் ஆண்டளவில் வெளியிட்ட பைக்கி என்னும் மரமீன் பல பத்தாண்டுகள் விற்பனையாயிற்று. மஸ்கிக்கெனப் பெரிய உருவிலும் செய்யப்பட்டது. 1932 யூன் 2ஆந் திகதி ஜோர்ஜியா மாநிலத்திலே ஜோர்ஜ் பெரி என்ற வறிய விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள பாஸ் மீனைப் பிடித்ததும் அக்கொம்பனியின் போலியிரையினாலேயே. அவரிடம் அன்று இருந்த போலியிரை அது ஒன்றே என்பர். அந்நிறை 2009இல் யப்பானில் ஒருவராற் சமன்செய்யப்படும்வரை இணையற்று நின்றது.

வர்ணம் யாருக்காக என்னும் வினா இங்கு எழுகின்றது. கடைக்குச் செல்பவன் மனிதன், விலைகொடுப்பவனும் மனிதன். ஆகையால் போலியிரைகள் மீனைப் பிடிப்பதிலும் பார்க்க மீன்பிடிப்போனையே மிகுதியாகப் பிடிக்கின்றன என்று அந்நாட்டார் நகைப்பது பொருத்தமே. எனினும் வர்ணம் வெறும் அலங்காரமன்று. முதுகைக் கருமையாகவும் வயிற்றை வெண்மையாகவும் தீட்டுதல் இயற்கையிற் கற்ற பாடம். உயிருள்ள சிறுமீன்கள் மேலிருந்தும் கீழிருந்தும் வரும் பகைவரின் கண்ணுக்குத் தப்புதற்காக அவ்வாறே அமைந்துள்ளன. தெளிந்த நீரில் பெர்ச், சக்கர் முதலிய இரைமீன்களின் இயல்பான நிறங்களும், கலங்கிய நீரில் செம்மஞ்சளும் இளம்பச்சையும் போன்ற பளிச்சிடும் நிறங்களும் விரும்பப்படுகின்றன. வெண்ணிற உடலும் செந்நிறத் தலையும் உடைய மரமீனோ எந்த உயிருள்ள மீனையும் ஒத்திருப்பதன்று. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது விலைபோகின்றது, மீனையும் பிடிக்கின்றது.

வர்ணத்தினும் நுண்ணியது ஓட்டத்தைச் சீர்செய்தல். வீணையின் நரம்பைச் சுருதி கூட்டுவதுபோன்ற வேலை இது. மரம் உலோகத்தைப்போல் எங்கும் ஒரே தன்மை உடையதன்று. ஒரே பலகையில் அறுத்த இரு துண்டுகளும் நிறையில் வேறுபடும். ஒன்றின் வலப்பக்கம் அடர்ந்தும் இடப்பக்கம் இளகியும் இருக்கும். ஆதலால் ஒரே அச்சிற் கடைந்து ஒரே வர்ணந் தீட்டிய இரு மரமீன்களுள் ஒன்று நேராகவும் மற்றையது பக்கஞ் சாய்ந்தும் ஓடக்கூடும். இலேசானதும் நீரில் இலகுவில் உளுத்துப்போகாததுமான சீடார் மரத்தைச் சிலர் விரும்புவர். கனமும் உறுதியும் உடைய மேப்பிள் மரத்தை வேறு சிலர் நாடுவர். எம்மரமாயினும் நீர் உட்புகாதவாறு முதலில் அதன் துளைகளை அடைத்தல் வேண்டும். நீர் புகுந்தால் மரம் ஊதும், வர்ணம் வெடிக்கும், நிறை மாறும், அதனோடு ஓட்டமும் கெடும்.

உடலைச் செதுக்கியபின் வயிற்றிலே துளையிட்டு ஈயம் வைப்பர். ஈயம் குறைந்தால் மரமீன் மிதந்து புரளும். கூடினால் கல்லைப்போல் அமிழும். முன்னே மிகுந்தால் தலை தாழும், பின்னே மிகுந்தால் வால் தாழும். முட்களையும் வளையங்களையும் பூட்டிப் பார்த்தே ஈயத்தின் அளவைத் துணிவர். ஏனெனில் மஸ்கிக்குரிய பெரிய முட்களின் நிறையும் கணக்கிற் சேரும். பின்னர் நீர்த்தொட்டியிலோ ஏரிக்கரையிலோ இழுத்துப் பார்ப்பர். மரமீன் இடப்பக்கம் விலகி ஓடினால், கயிறு கட்டும் மூக்குவளையத்தைக் குறட்டினால் மயிரிழையளவு வலப்பக்கம் வளைப்பர்; வலப்பக்கம் விலகினால் இடப்பக்கம் வளைப்பர். மீண்டும் இழுப்பர், மீண்டும் வளைப்பர். உலோக உதடு சற்றுத் திரும்பியிருப்பினும் ஓட்டம் பிழைக்கும். இவ்வேலைக்கு அளவுகோல் இல்லை; கண்ணும் கையுமே அளவுகோல். பட்டறையிற் சீராக ஓடிய மரமீனும் ஒரு பெருமீன் கடித்துக் குலுக்கியபின் நெறிதவறக்கூடும். அப்பொழுது தூண்டிற்காரன் தானே சுருதி கூட்டக் கற்றிருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையைக் கடலுக்கு அப்பால் பின்லாந்து தேசத்திலே ஓர் ஏழைத் தொழிலாளியும் தனியே கண்டறிந்தார். 1905இற் பிறந்த லௌரி ரப்பலா கோடையில் மீன்பிடித்தும் மாரியில் மரந்தறித்தும் குடும்பத்தைக் காத்தவர். பைஜான்னே என்னும் பேரேரியிலே தோணி வலித்துச் செல்லும்போது அவர் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். சிறுமீன் கூட்டத்துட் புகும் பெருமீன் நலமாக நீந்தும் மீன்களை விடுத்து, காயமுற்றுத் தள்ளாடும் ஒன்றையே தேர்ந்து பாய்ந்தது. ஆகவே, போலியிரை அழகாக நீந்தினாற் போதாது. சற்றே தள்ளாடவும் வேண்டும். 1936இல் சப்பாத்து தைப்போரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, ஈயத்தாளைச் சுற்றி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசித் தமது முதல் மரமீனைச் செய்தார். 1962 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் லைஃப் சஞ்சிகை அதனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. நடிகை மரிலின் மன்றோவின் மறைவைச் சொல்லும் அட்டைப்படத்துடன் வந்த அவ்விதழைப் பெருந்தொகையானோர் வாங்கினர். ரப்பலாவின் பட்டறையாற் சமாளிக்க முடியாத அளவுக்குக் கட்டளைகள் குவிந்தன. அத்துணைப் பெருக்கத்திலும் ஒவ்வொரு மரமீனையும் தொட்டியில் நீந்தவிட்டுச் சீர்செய்தபின்னரே விற்பது அக்குடும்பத்தின் மரபாயிருந்தது.

அமெரிக்காவிலோ காலம் வேறு திசையிற் சென்றது. 1930களிலேயே ஹெடன் கொம்பனி பிளாஸ்டிக்கில் போலியிரைகளைச் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அப்போக்கு விரைவுபெற்றது. அச்சிலே வார்த்த பிளாஸ்டிக் உடலுக்கு ஏற்றத்தாழ்வில்லை, நீர் புகாது, வர்ணப்பூச்சும் எளிது, விலையும் குறைவு. மரங்கடைந்தவரும், படைபடையாக எனாமல் பூசியவரும், கண்ணாடிக் கண் பதித்தவரும் படிப்படியாக வேலை இழந்தனர். கிறீக் சப் கொம்பனி 1970களின் இறுதியிற் கைமாறியது. ஹெடன் என்னும் பெயர் 1980களில் அர்க்கான்சாஸ் மாநிலத்துக்குப் பெயர்ந்தது. டொவாஜக்கிலே பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் ஓர் அரும்பொருட்சாலை மட்டும் எஞ்சியது. ஒரு சிற்றூரின் பெயரை நாடெங்கும் பரப்பிய தொழில் அவ்வூரைவிட்டு நீங்கிய கதை இது.

ஆயினும் மரமீன் அழிந்துவிடவில்லை. அதனைக் காத்தது மஸ்கியே. அம்மீனுக்குரிய போலியிரை ஆறு அங்குலம் முதல் ஓரடிவரை நீளமுடையது. அதனை வாங்குவோர் சிலரே. அச்சிலரோ ஒவ்வோர் ஏரிக்கும் ஒவ்வொரு நிறத்தையும் ஓட்டத்தையும் வேண்டுவர். பல்லாயிரம் படிகளை ஒரே அச்சில் வார்க்கும் பெருந்தொழிற்சாலைக்கு இத்தகைய வாடிக்கை இலாபந் தருவதன்று. பட்டறையில் இருந்து ஒவ்வொன்றாகச் செய்பவனுக்கோ இதுவே வாழ்வு. விஸ்கொன்சின் மாநிலத்து அன்ரிகோ நகரில் பிராங் சூயிக் 1940களில் ஆக்கிய மரமீன் இதற்கு நல்லுதாரணம். தட்டையான மரவுடலின் வாலிலே ஒரு தகட்டைப் பூட்டினார். அத்தகட்டை மேலோ கீழோ வளைத்தால் மரமீன் மூழ்கும் ஆழமும் எழும் வேகமும் மாறும். சுருதி கூட்டும் உரிமையைச் செய்தவன் வாங்கியவனின் கையிலேயே ஒப்படைத்தான் எனலாம். 30 நாட்களில் நாளுக்கொரு மஸ்கியாக அவர் அதனாற் பிடித்தார் என்று அவ்வூரார் பெருமையுடன் கூறுவர்.

இன்றும் அப்பகுதிகளில் வீட்டுப் பின்புறங்களிலும் வாகனக் கொட்டில்களிலும் சிறு பட்டறைகள் இயங்குகின்றன. எனாமல் தூரிகைக்குப் பதிலாகக் காற்றால் வர்ணந்தூவும் சிறு கருவி வந்துள்ளது. வார்னிஷுக்குப் பதிலாகப் பற்களுக்கு ஈடுகொடுக்கும் எப்பொக்சிப் பூச்சு வந்துள்ளது. செதிலுக்கு வலைத்துணி போர்த்தும் முறை மாத்திரம் மாறவில்லை. மூக்குவளையத்தைக் குறட்டால் வளைத்து இழுத்துப் பார்க்கும் முறையும் மாறவில்லை.

வர்ணமா, ஓட்டமா என்னும் பழைய வழக்குக்கு விஞ்ஞானமும் ஒரு தீர்ப்புக் கூறியுள்ளது. மஸ்கி இரைதேடும் முறைபற்றி 2001இல் வெளிவந்த ஆய்வொன்று, கண்ணை மறைத்த மீன்களையும், உடற்பக்கத்திலே ஓடி நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோட்டின் உணர்வைத் தடுத்த மீன்களையும் ஒப்பிட்டது. இரையைத் தொலைவிற் கண்டு பதுங்கி அணுகுவதற்கு மீனுக்குக் கண் வேண்டும். கண்ணிழந்த மீனோ இரை அண்மையில் அசையும்போது பக்கக்கோட்டின் துணையால் மட்டும் பாய்ந்தது. ஆகவே வர்ணம் அழைக்கின்றது. அசைவு பாயச் செய்கின்றது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மீன் தோணியோரம்வரை வந்து திரும்பிவிடும். ஆய்வுகூடம் 2001இற் கூறியதைத் தீயிற் சுட்ட மேனியாலும் வளைந்த வாலாலும் ஒஜிப்வே முதியோர் முன்னரே செய்துகாட்டியிருந்தனர்.

இவ்வரலாற்றிலே இன்னுமோர் திருப்பம் உளது. அளவின்றிப் பிடித்தமையாலும், கரையோரச் சதுப்புகள் அழிந்தமையாலும் மஸ்கி பல ஏரிகளிற் குன்றியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே குஞ்சுபொரித்து நீரில் விடும் முயற்சிகள் நடந்தன. அவை மட்டும் போதவில்லை. 1966இல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்கோப்பரேற்றெட் என்னும் சங்கம், பிடித்த மீனை அளந்து மீண்டும் நீரிலேயே விட்டுவிடுமாறு தூண்டிற்காரரைப் பழக்கியது. இப்பழக்கத்துக்குப் போலியிரை பெருந்துணையாயிற்று. உயிருள்ள இரையோடு முள்ளையும் விழுங்கவிட்டுப் பிடிக்கும் பழைய முறையில் முள் வயிற்றுள்ளே தைக்கும்; அம்மீனைத் திரும்ப விட்டாலும் பின்னர் இறத்தலே பெரும்பான்மை. மரமீனை எம்மீனும் விழுங்குவதில்லை, முள் பெரும்பாலும் வாயோரத்திலேயே தைக்கும், குறட்டால் நீக்கிவிடலாம். உண்மையான இரை உயிரைக் கொண்டுபோயிற்று. பொய்யான இரை உயிரை மீட்டுக்கொடுத்தது.

இவ்வாறு, ஒரு மரத்துண்டின் வரலாறு ஒரு தொழிலின் வரலாறும் ஒரு மீனினத்தின் வரலாறும் ஆகின்றது. ஒரேவகைப் பொருளைப் பெருந்தொகையாகச் செய்ய வேண்டியவிடத்தில் இயந்திரம் வென்றது. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறாயிருக்க, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து திருத்த வேண்டியவிடத்தில் மனிதனின் கை நின்றுநிலைத்தது. ஏரிக்கரையிலே முழங்கால் நீரில் நின்று, மரமீனை ஒருமுறை இழுத்து, குறட்டை எடுத்து மயிரிழையளவு வளைத்து, மறுபடி இழுத்துப் பார்க்கும் அத்தச்சனுக்குப் பரீட்சகன் இன்றும் அதே மீனே. அது மெய்ச்சி பாய்ந்தபின் அதனைத் திரும்ப நீரில் விட்டுவிடுகின்றான். அடுத்த பரீட்சைக்கும் அது உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ.